கைலாசபதியும் கொல்லிமலைப் பாணர்களும்

கொல்லிமலையின் மேற்குச் சரிவு கண்ணுக்குத் தெரியும் தூரத்தில், சேந்தமங்கலத்தை அடுத்த ஒரு சிற்றூரில் என் ஓய்வுக்காலம் கழிகிறது. சில மாதங்களுக்கு முன்னர் எங்கள் ஊர் மாணவி ஒருவர், தம் முனைவர் பட்ட ஆய்வேட்டின் முதல் இயலைக் கொண்டுவந்து கொடுத்தார். மொழிநடையை மட்டும் பார்த்துத் தந்தால் போதும் என்றார். நான் பொருளியல் கற்பித்தவன். இலக்கிய ஆய்வேட்டைத் திருத்தும் தகுதி எனக்கு உண்டா என்ற தயக்கத்தோடுதான் வாங்கிக்கொண்டேன்.

அவருடைய ஆய்வுப் பொருள் அண்ணன்மார் கதை. பொன்னர், சங்கர் என்னும் உடன்பிறந்தோரின் வரலாறாகக் கொங்கு மண்ணில் பல இரவுகள் தொடர்ந்து பாடப்படும் கதை அது. மாணவியின் அப்புச்சியே உடுக்கடித்து அக்கதையைப் பாடியவர். என் இளமைக் காலத்தில் அவர் பாட நான் கேட்டிருக்கிறேன். ஆனால் அந்த இயலின் அறுபது பக்கங்களில் உடுக்கை ஓசையே கேட்கவில்லை. சசூர், லெவி ஸ்ட்ராஸ், ரோலன் பார்த், தெரிதா, ஃபூக்கோ என்று பெயர்கள் வரிசையாக நின்றன. ஒவ்வொருவருக்கும் பிறந்த ஆண்டு, எழுதிய நூல்கள், கோட்பாட்டுச் சுருக்கம். அடுத்த இயல்களில் இவர்கள் எங்கே வருகிறார்கள் என்று கேட்டேன். வரமாட்டார்கள் என்றார். முதல் இயலில் மேலைக் கோட்பாடுகள் இல்லையென்றால் ஆய்வேடு எடுபடாது என்று தமக்குச் சொல்லப்பட்டதாகவும் கூறினார். அவர் குரலில் குற்ற உணர்வு இல்லை. வரிசையில் நின்று சான்றிதழ் வாங்கியவரின் அலுப்புத்தான் இருந்தது.

என் அலமாரியிலிருந்து ஒரு பழைய நூலை எடுத்து அவரிடம் கொடுத்தேன். ஒப்பியல் இலக்கியம் என்பது நூலின் பெயர். எழுதியவர் ஈழத்துப் பேராசிரியர் க. கைலாசபதி. அவர் பெயரை மாணவி தேர்வுக் குறிப்பேடுகளில் பார்த்திருக்கிறார்; நூலைப் பார்த்ததில்லை. கைலாசபதி மறைந்து நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகின்றன. மேலை இலக்கியக் கோட்பாட்டைப் பல்கலைக்கழகத்தில் எப்படிப் படிக்க வேண்டும் என்பதற்கு அவர் வாழ்க்கையைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு தமிழில் எனக்குத் தெரியவில்லை. அவருடைய வெற்றிகள் மட்டுமல்ல, தவறுகளும் நமக்குப் பாடமாக அமைபவை.

1933-ஆம் ஆண்டு ஏப்ரல் 5-ஆம் தேதி மலாயாவின் கோலாலம்பூரில் கைலாசபதி பிறந்தார். ஆங்கிலேயர் ஆட்சியில் யாழ்ப்பாணத்திலிருந்து மலாயாவுக்கு அரசுப் பணிகளுக்கும் ரயில்வே பணிகளுக்கும் சென்று குடியேறிய குடும்பங்கள் பல. அத்தகைய புலம்பெயர் சூழலில் அவருடைய பிள்ளைப் பருவம் கழிந்தது. இரண்டாம் உலகப் போர் முடிந்த பிறகு யாழ்ப்பாணம் வந்து யாழ்ப்பாண இந்துக் கல்லூரியிலும், பின்னர் கொழும்பு றோயல் கல்லூரியிலும் பயின்றார். மலாயா, யாழ்ப்பாணம், கொழும்பு என்று இருபது வயதுக்குள் மூன்று சமூகங்களைப் பார்த்துவிட்டவர். ஒன்றை மற்றொன்றோடு ஒப்பிட்டு நோக்கும் பழக்கம் அவருக்கு வாழ்க்கையிலேயே வாய்த்திருக்க வேண்டும் என்று நான் எண்ணுவதுண்டு.

பேராதனையில் இயங்கிய இலங்கைப் பல்கலைக்கழகத்தில் தமிழைச் சிறப்புப் பாடமாகக் கற்று 1957-இல் பட்டம் பெற்றார். அப்போதைய தமிழ்த் துறை குறிப்பிடத்தக்கது. கல்வெட்டுத் தமிழை ஆராய்ந்த பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை, யாழ்ப்பாணப் பேச்சுமொழியில் நாடகங்களும் எழுதினார். வி. செல்வநாயகம், இலக்கிய வரலாற்றைக் காலப் பின்னணியோடு கற்பித்தார். சு. வித்தியானந்தன், நாட்டுக்கூத்தைக் கற்றோர் மேடைக்குக் கொண்டுவந்தார். ஏட்டுத் தமிழும் நாட்டுத் தமிழும் ஒரே துறையில் மதிக்கப்பட்ட அந்தச் சூழலில்தான் கைலாசபதியும், அவருடைய நண்பரும் பின்னாளில் பெரும் ஆய்வாளருமான கா. சிவத்தம்பியும் உருவானார்கள்.

பட்டம் பெற்ற கையோடு அவர் பத்திரிகைத் துறைக்குச் சென்றார். கொழும்பின் லேக் ஹவுஸ் நிறுவனத்தில் சேர்ந்து, 1959-இல் தினகரன் நாளிதழின் ஆசிரியரானார்; அப்போது அவருக்கு வயது இருபத்தாறு. இரண்டாண்டுக் காலமே அந்தப் பொறுப்பில் இருந்தாலும் அதன் விளைவு நீடித்தது. தமிழகத்து இதழ்களையே எதிர்பார்த்திருந்த ஈழத்து வாசகர்களுக்குத் தம் மண்ணின் எழுத்தை அவர் முன்வைத்தார். இளம் எழுத்தாளர்களுக்கு இடமளித்தார். இலக்கிய விவாதங்களை நாளிதழின் பக்கங்களில் நடத்தினார்.

அந்த விவாதங்களில் முதன்மையானது மொழி பற்றியது. ஒடுக்கப்பட்ட மக்களின் பேச்சு வழக்கைச் சிறுகதைகளில் கையாண்ட முற்போக்கு எழுத்தாளர்களை மரபுவாதிகள் இழிசனர் இலக்கியம் படைப்பவர்கள் என்று சாடினர். கே. டானியல், டொமினிக் ஜீவா போன்றோர் எழுதிய வாழ்க்கையை இலக்கியத்துக்குள் அனுமதிப்பதா என்பதே உண்மையான கேள்வி. கைலாசபதி ஐயத்துக்கு இடமின்றி எழுத்தாளர்களின் பக்கம் நின்றார். அதற்கு அவர் மேற்கொண்ட முறை கவனிக்கத்தக்கது. மரபு என்பது என்றும் மாறாத ஒன்றன்று, ஒவ்வொரு காலத்திலும் சமூகத் தேவைக்கேற்ப மாறி வந்ததே என்பதைத் தமிழ் இலக்கிய வரலாற்றிலிருந்தே எடுத்துக்காட்டி வாதிட்டார்கள் அவரும் அவரைச் சார்ந்தோரும். 1962-இல் பாரதியையும் தாகூரையும் ஒப்பிட்டு இரு மகாகவிகள் என்ற நூலை அவர் வெளியிட்டார். இன்றைய ஆய்வு மாணவர்கள் பலர் கோட்பாட்டைக் கற்றுக்கொண்டு பொருளைத் தேடுகிறார்கள். கைலாசபதி பொருளோடும் கேள்வியோடும் கோட்பாட்டைத் தேடிச் சென்றவர்.

1963-இல் அவர் இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்துக்கு ஆய்வு மாணவராகச் சென்றார். அங்கே அவர் தேர்ந்தெடுத்த ஆசிரியர் தமிழறிஞரோ இந்தியவியலாளரோ அல்லர். கிரேக்கப் பேராசிரியர் ஜார்ஜ் தாம்சன். இந்த மனிதரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். இலண்டனில் பிறந்த தாம்சன், இளமையில் அயர்லாந்தின் மேற்குக் கோடியில் உள்ள பிளாஸ்கெட் தீவுக்குச் சென்று அங்கிருந்த மீனவர்களிடம் ஐரிஷ் மொழியைக் கற்றார். எழுதப் படிக்கத் தெரியாத அம்மக்களின் அன்றாடப் பேச்சில் கவிதை இயல்பாகப் புழங்குவதைக் கண்டபோதுதான் ஹோமரின் காவியங்கள் தமக்குப் புரியத் தொடங்கின என்பது அவர் அனுபவம். பின்னர் கால்வே பல்கலைக்கழகக் கல்லூரியில் கிரேக்கத்தை ஐரிஷ் மொழி வழியாகவே கற்பித்தார். பிளேட்டோவை ஐரிஷ் மொழியில் பெயர்த்தார். மார்க்சியராகிய அவர், கிரேக்க நாடகத்தையும் சமூகத்தையும் இணைத்து எழுதிய நூல்கள் உலகப் புகழ் பெற்றவை. நாகரிக உலகின் பொதுச் சொத்தாகக் கருதப்படும் கிரேக்கக் கவிதையை ஒரு தீவின் மீனவர் பேச்சிலிருந்து விளங்கிக்கொண்ட ஆசிரியரிடம், வன்னியிலும் மட்டக்களப்பிலும் நாட்டுப்பாடல் உயிரோடிருந்த நாட்டிலிருந்து ஒரு மாணவர் சென்று சேர்ந்தார். சில ஆண்டுகளில் சிவத்தம்பியும் அதே ஆசிரியரிடம் சென்று பழந்தமிழ்ச் சமூகத்தில் நாடகம் பற்றி ஆய்வு செய்தார்.

கைலாசபதி கையிலெடுத்த கோட்பாடு, வாய்மொழிக் காப்பியம் பற்றியது. அதன் வரலாறு சுவையானது. ஹோமர் காவியங்களில் ஒரே சொற்றொடர்கள் திரும்பத் திரும்ப வருவது ஏன் என்ற கேள்வி நெடுங்காலமாக இருந்து வந்தது. அமெரிக்க அறிஞர் மில்மன் பாரி 1930-களில் யூகோஸ்லாவியாவுக்குச் சென்று, காப்பி நிலையங்களில் ஒற்றை நரம்புக் கருவியை இசைத்துக் கதை பாடும் பாணர்களின் பாடல்களை ஒலிப்பதிவு செய்தார். அவர்களுள் எழுத்தறிவற்ற ஒருவர் 12,000 அடிகளுக்கு மேற்பட்ட ஒரு கதையைப் பாடினார். மனப்பாடம் செய்து ஒப்பிப்பதன்று அது, பாடும்போதே புனைவது. யாப்புக்குள் பொருந்தும் ஆயத்தமான தொடர்களும், கதை நிகழ்ச்சிகளின் ஆயத்தமான அமைப்புகளும் பாணரின் நாவில் நிற்கின்றன. அவற்றைக் கோத்துக்கொண்டே அவர் முன்னேறுகிறார். பாரி 1935-இல் இளவயதில் இறந்துவிட, அவருடைய மாணவர் ஆல்பர்ட் லார்ட் அந்த ஆய்வைத் தொடர்ந்து 1960-இல் நூலாக்கினார். கைலாசபதி பர்மிங்ஹாம் சென்றபோது அந்நூல் வெளிவந்து மூன்றாண்டுகளே ஆகியிருந்தன. அதற்கு முன்பே சாட்விக் என்னும் ஆங்கில அறிஞர், பல நாடுகளின் பழம்பாடல்களை ஒப்பிட்டு, வீரயுகம் என்ற ஒரு காலகட்டத்தைச் சமூகங்கள் பலவும் கடந்து வந்திருக்கின்றன என்று காட்டியிருந்தார்.

இந்தக் கருவிகளைக் கொண்டு கைலாசபதி சங்க இலக்கியத்தை அணுகினார். பாணர், பொருநர், கூத்தர், விறலியர், புலவர் என்று சங்கப் பாடல்கள் பேசும் கலைஞர் கூட்டத்தை வகைப்படுத்தினார். பாடல்களில் மீண்டும் மீண்டும் வரும் தொடர்களைத் தொகுத்தார். திணை, துறை என்னும் இலக்கண மரபை வாய்மொழிப் பாடகரின் கருப்பொருள் அமைப்புகளோடு ஒப்பிட்டார். கிரேக்க, ஐரிஷ், வெல்ஷ் வீரப் பாடல்களோடு புறநானூற்றை அருகருகே வைத்துப் பார்த்தார். 1966-இல் முடிந்த அந்த ஆய்வு 1968-இல் ஆக்ஸ்ஃபோர்டு கிளாரண்டன் அச்சகத்தின் வெளியீடாக ஆங்கிலத்தில் வந்தது. பிற்காலத்தில் தமிழ் வீரநிலைக் கவிதை என்ற பெயரில் தமிழாக்கமும் பெற்றது. சங்ககாலத்தைப் பொற்காலம் என்று போற்றிப் பழகிய நமக்கு, அது உலகின் பிற சமூகங்களைப் போலவே இனக்குழுத் தலைவர்களும் போரும் பரிசிலும் நிறைந்த ஒரு வரலாற்றுக் கட்டம் என்று சொன்ன நூல் அது. பெருமை குறைந்ததாகச் சிலர் வருந்தினர். ஹோமரோடு ஒரே பந்தியில் உட்காரவைக்கப்பட்டதைப் பெருமைக் குறைவு என்று எப்படிக் கொள்வது?

1979-இல் சேலத்தில் முதுகலை பொருளியல் படித்துக்கொண்டிருந்தபோது, பழைய புத்தகக் கடையொன்றில் ஒப்பியல் இலக்கியம் என் கையில் சிக்கியது. பாதி விலைக்கு வாங்கி, ஊருக்குச் செல்லும் பேருந்திலேயே படிக்கத் தொடங்கினேன். இரண்டு இடங்களில் என் மனம் நின்றுவிட்டது.

முதலாவது, வீரயுகத்துப் பாணரும் புரவலரும் பற்றிய அவருடைய பார்வை. எங்கள் ஊருக்கு எதிரே நிற்கும் கொல்லிமலையின் தலைவன் வல்வில் ஓரி. ஆண்டுதோறும் ஆடி மாதத்தில் அரசு விழா எடுக்கப்படும் அவனை, ஒரே அம்பால் பல விலங்குகளை வீழ்த்திய வில்லாளியாக மட்டுமே நான் அறிந்திருந்தேன். வன்பரணர் அவனைப் பாடிய புறநானூற்றுப் பாடலைத் தேடிப் படித்தேன். காட்டில் எதிர்ப்பட்ட வேட்டுவன் இன்னானென்று அறியாமலே பாணர் கூட்டம் இசையோடு பாட, அவன் இறைச்சியும் தேனும் பொன்னும் தருகிறான். பொருளியல் மாணவனாகிய எனக்கு அது வெறும் கொடைச் சிறப்பாகத் தோன்றவில்லை. சந்தையும் கூலியும் இல்லாத ஒரு சமூகத்தில் புகழ் என்னும் பண்டத்தை ஆக்குபவர்களுக்கும் அதைத் தேவையாகக் கொண்டவர்களுக்கும் இடையே நடந்த பரிமாற்றம் என் கண்முன் தெரிந்தது. நாள்தோறும் பார்த்த மலை அன்று மாலை வேறு மலையாக நின்றது.

இரண்டாவது, உடுக்கடிப் பாட்டு. மாசி மாத இரவுகளில் கோயில் திடலில் கோணிச் சாக்கை விரித்துப் படுத்துக்கொண்டு அண்ணன்மார் கதையைக் கேட்டு வளர்ந்தவன் நான். குதிரை ஏறும் இடம் வந்தால் ஒரே அடிகள்தான் வரும். தாமரை அழுதால் ஒரே அடிகள்தான் வரும். பாடகர் தொடங்கும் முன்பே சிறுவர்களாகிய நாங்கள் அவற்றைச் சொல்லிச் சிரிப்போம். புதிதாகப் பாடத் தெரியாததால் பழையதையே பாடுகிறார் என்பது எங்கள் எண்ணம். படித்த பெரியவர்கள் சிலரும் அப்படித்தான் ஏளனம் செய்தார்கள். அந்தத் திரும்பக் கூறல் குறைபாடன்று, எழுத்தின் துணையில்லாமல் பல இரவுகளுக்கு நீளும் கதையைக் கட்டி எழுப்பும் தொழில்நுட்பம் என்பதை யூகோஸ்லாவியப் பாணர்களைப் பற்றி ஒரு தமிழர் தமிழில் எழுதியதிலிருந்து அறிந்துகொண்டேன். பிரெண்டா பெக் என்னும் மானிடவியலர் 1960-களிலேயே கொங்கு நாட்டுக்கு வந்து இக்கதையை ஒலிப்பதிவு செய்திருந்தார் என்பது எனக்குப் பின்னர்தான் தெரிந்தது.

கைலாசபதியின் முடிவு அப்படியே நிலைத்துவிடவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். அமெரிக்கத் தமிழறிஞர் ஜார்ஜ் ஹார்ட் 1975-இல் வெளியிட்ட நூலில், சங்கப் பாடல்கள் பாணர் வாய்மொழியாகப் பாடியவை அல்ல, பாணர் மரபை முன்மாதிரியாகக் கொண்டு எழுத்தறிவு பெற்ற புலவர்கள் இயற்றியவை என்று வாதிட்டார். அவை பெரும்பாலும் சிறியவை, செறிவானவை, புலவர் பெயர் தாங்கியவை. இழுத்துப் பாடி இரவைக் கடத்தும் காப்பியத் தளர்வு அவற்றில் இல்லை. உடுக்கடிப் பாட்டைக் கேட்ட காதோடு புறநானூற்றைப் படிக்கும் எவருக்கும் இந்த வேறுபாடு தெரியும். பாடல் நம் கைக்கு வந்த வடிவத்தைப் பொறுத்தவரை ஹார்ட் சொல்வதே பொருந்துகிறது என்பது என் எண்ணம். அப்பாடல்களுக்குப் பின்னால் இருந்த பாணர் உலகைக் காட்டியதில் கைலாசபதியின் பணி இன்றும் நிற்கிறது.

ஹார்ட் மறுக்க முடிந்ததே கைலாசபதியின் சிறப்பு. அவர் ஒரு கோட்பாட்டை எடுத்தார், அது உண்மையானால் சங்கப் பாடல்களில் இன்னின்ன இயல்புகள் இருக்க வேண்டும் என்றார், தேடினார், தம் கணக்கை ஊர் அறிய வைத்தார். எனவே பிறர் சரிபார்க்கவும் திருத்தவும் முடிந்தது. எங்கள் ஊர் மாணவியின் அறுபது பக்கங்களை யாராலும் மறுக்க முடியாது. ஏனெனில் அவை எதைப் பற்றியும் எதுவும் சொல்லவில்லை.

நாடு திரும்பிய கைலாசபதி பல்கலைக்கழகத்தில் கற்பித்துக்கொண்டே தொடர்ந்து தமிழில் எழுதினார். பண்டைத் தமிழர் வாழ்வும் வழிபாடும் என்ற நூலில் பேரரசும் பெருந்தத்துவமும் என்றொரு கட்டுரை உண்டு. சோழப் பேரரசின் எழுச்சியையும் சைவ சித்தாந்தத்தின் வளர்ச்சியையும் தொடர்புபடுத்தும் அக்கட்டுரை, தத்துவத்துக்கும் நிலவுடைமைக்கும் என்ன உறவு என்று கேட்கிறது. 1968-இல் வந்த தமிழ் நாவல் இலக்கியம், அச்சு, கல்வி, நடுத்தர வர்க்கம் ஆகியவற்றின் வளர்ச்சியோடு நாவலின் தோற்றத்தை இணைத்தது. ஆங்கில நாவலைப் பற்றி இயன் வாட் 1957-இல் செய்த ஆய்வை ஒத்த பார்வை அது. 1969-இல் ஒப்பியல் இலக்கியம், 1970-இல் அடியும் முடியும், 1979-இல் சமூகவியலும் இலக்கியமும் என்று நூல்கள் தொடர்ந்தன. எந்த நூலிலும் மேலைப் பெயர்கள் அலங்காரமாக வருவதில்லை. ஒரு பெயர் வந்தால் அதற்கொரு வேலை இருக்கும்.

அவர் எழுதிய காலத்தில் தமிழகத்தில் திறனாய்வு வேறு திசையில் சென்றது. சி.சு. செல்லப்பாவின் எழுத்து இதழ் 1959 முதல், அமெரிக்கப் புதுத் திறனாய்வின் வழியில், படைப்பைச் சொல் சொல்லாக ஊன்றிப் படிக்கும் முறையை வளர்த்தது. எங்கள் சேலத்திலிருந்தே கவிஞர் சி. மணியின் முயற்சியால் 1968 முதல் சிறிது காலம் நடை என்ற சிற்றிதழ் வெளிவந்தது. படைப்பின் உள்ளே பார்த்த இவர்களுக்கும், படைப்பின் சமூகப் பின்னணியைப் பார்த்த கைலாசபதிக்கும் இடையே கடும் கருத்துப் போர் மூண்டது. தமிழ் நாவல் இலக்கியம் நூலுக்கு வெங்கட் சாமிநாதன் எழுதிய நீண்ட மறுப்பு, மார்க்சின் கல்லறையிலிருந்து ஒரு குரல் என்ற தலைப்பைத் தாங்கியது. ஈழத்திலேயே மு. தளையசிங்கமும் எஸ். பொன்னுத்துரையும் கைலாசபதியின் அணியோடு முரண்பட்டு நின்றார்கள்.

அந்த எதிர்ப்புகளில் நியாயம் இல்லாமலில்லை. எழுத்தாளரின் சமூக நிலைப்பாட்டை அளந்த அளவுக்கு எழுத்தின் அழகை அவர் அளக்கவில்லை. முற்போக்கு அணிக்கு வெளியே நின்ற தரமான படைப்பாளிகளுக்கு அவரிடம் உரிய இடம் கிடைக்கவில்லை. பழம்பாடலை ஆராய்ந்தபோது கையில் விளக்காக இருந்த கோட்பாடு, சமகால எழுத்துக்கு வரும்போது சில வேளைகளில் அளவுகோலாக மாறி, அணியில் இருப்போரையும் இல்லாதோரையும் பிரித்தது. தம் மண்ணின் பொருளைத் தாமே சோதித்தவரையில் அவர் பெரிய ஆய்வாளர். விடையை முன்கூட்டியே வைத்துக்கொண்டபோது ஓர் அணியின் தலைவர். இரண்டும் ஒருவரே என்பதை மறைக்காமல் சொல்வதுதான் அவருக்கு நாம் செய்யும் மரியாதை.

1974-இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் யாழ்ப்பாண வளாகம் தொடங்கப்பட்டபோது அதன் முதல் தலைவராகக் கைலாசபதி அமர்த்தப்பட்டார். யாழ்ப்பாணத்தை அடுத்த திருநெல்வேலியில், பரமேஸ்வராக் கல்லூரி இருந்த இடத்தில், அரசியல் எதிர்ப்புகளுக்கு நடுவே அது தொடங்கியது. சிங்கள மாணவர்களும் வந்து பயின்ற வளாகம் அது. 1977 வரை மூன்றாண்டுகள் அவர் பொறுப்பில் இருந்தார். கல்வி நிறுவனங்களின் நிர்வாகத்தை ஓரளவு அறிந்தவன் என்ற முறையில், அந்த மூன்றாண்டுகள் அவருடைய எத்தனை நூல்களை விழுங்கியிருக்கும் என்று நான் நினைத்துப் பார்ப்பதுண்டு. ஆயினும் இன்று யாழ்ப்பாணப் பல்கலைக்கழகமாக வளர்ந்து நிற்கும் நிறுவனத்துக்கு அவர் இட்ட அடித்தளம் எந்த நூலுக்கும் குறைந்ததன்று.

பதவிக்காலம் முடிந்ததும் பேராசிரியராக அங்கேயே பணி தொடர்ந்தார். 1981-ஆம் ஆண்டு ஜூன் மாதம் பிறந்த இரவில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும் ஓலைச்சுவடிகளும் சாம்பலாயின. நூல்களை அருகருகே வைத்து ஒப்பிடுவதையே வாழ்நாள் பணியாகக் கொண்டவரின் நகரில் அது நிகழ்ந்தது. அடுத்த ஆண்டு டிசம்பர் 6-ஆம் தேதி, நோயுற்றிருந்த கைலாசபதி மறைந்தார். அவருக்கு ஐம்பது வயதும் நிறையவில்லை. அதே 1982-இல்தான் தமிழவனின் ஸ்ட்ரக்சுரலிசம் நூல் வெளிவந்து, தமிழில் அமைப்பியல் விவாதங்களின் காலம் தொடங்கியது. மாணவியின் முதல் இயலில் அணிவகுத்த பெயர்களில் பல அதன் பிறகு நம் வகுப்பறைகளுக்குள் நுழைந்தவை. அவற்றை முதலில் கொண்டுவந்தவர்கள் படித்துச் செரித்து எழுதினார்கள். வழிவழியாகப் படியெடுத்தவர்களிடம் வரும்போது பெயர்கள் மட்டும் எஞ்சின.

இலக்கியத் துறையைக் குறைசொல்வதாக யாரும் எண்ண வேண்டாம். என் துறையில் நானே செய்த பிழையை இங்கே சொல்லிவிடுகிறேன். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக இந்த மாவட்டங்களில் பொருளியல் கற்பித்தேன். மாணவர்களில் பலர் மரவள்ளிக் கிழங்கு பயிரிடும் குடும்பத்துப் பிள்ளைகள். கிழங்கை ஜவ்வரிசி ஆலைக்குக் கொண்டுசென்றால், மாவுச்சத்து எத்தனை பாயிண்ட் என்று ஆலையில் அளந்து அதற்கேற்ப விலை போடுவார்கள். அளக்கும் கருவி வாங்குபவரிடம் இருக்கிறது, விற்பவரிடம் இல்லை. இந்தச் சந்தையைப் பாடநூலில் உள்ள சந்தை என்று எப்படிச் சொல்வது என்று ஒரு மாணவர் வகுப்பில் கேட்டார். அது பாடத்திட்டத்தில் இல்லை என்று சொல்லிவிட்டுக் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டேன். ஒரு தரப்புக்குத் தெரிந்தது மறுதரப்புக்குத் தெரியாத சந்தை எப்படிக் கோணலாகிறது என்று ஜார்ஜ் அகர்லாஃப் 1970-லேயே எழுதியிருந்தார். அதற்காக 2001-இல் நோபல் பரிசில் பங்கும் பெற்றார். அந்தக் கோட்பாட்டை நான் அறிவேன். தேர்வுக்காக நடத்தியும் இருக்கிறேன். கோட்பாடு என் கையில் இருந்தது; கிழங்கு அந்த மாணவர் வீட்டு வாசலில் இருந்தது. இரண்டையும் சேர்க்க எனக்குத் தோன்றவில்லை. கைலாசபதியைப் படித்திருந்தும் தோன்றவில்லை என்பதுதான் என் வருத்தம்.

இத்தனைக்கும் இழப்பவர்கள் யார்? நகரத்து ஆங்கிலவழி மாணவர்கள் மூல நூல்களைத் தேடிப் படித்துவிடுவார்கள். சேந்தமங்கலத்திலிருந்தும் இராசிபுரத்திலிருந்தும் பேருந்து ஏறிச் செல்லும், குடும்பத்தின் முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்குத்தான் கோட்பாடு ஒரு சடங்காக வந்து சேர்கிறது. ஒப்பிக்கச் சொல்கிறோம், பிறகு சொந்தச் சிந்தனை இல்லை என்று குறைசொல்கிறோம். அவர்களிடம் இருக்கும் பொருள் பிளாஸ்கெட் தீவின் மீனவர்களிடம் இருந்ததற்குச் சற்றும் குறைந்ததன்று. பல்கலைக்கழகங்கள் செய்ய வேண்டியது பெரிய சீர்திருத்தமும் அன்று. கோட்பாட்டுக்கெனத் தனி இயல் கேட்பதை நிறுத்திவிட்டு, எடுத்துக்கொண்ட பொருளில் அக்கோட்பாடு எங்கே பொருந்துகிறது, எங்கே பொருந்தவில்லை என்று ஒவ்வோர் ஆய்வேட்டிலும் கேட்டால் போதும். பொருந்தவில்லை என்று காட்டுபவருக்கும் பட்டம் தர வேண்டும்.

மாணவி அண்மையில் மீண்டும் வந்தார். அறுபது பக்கங்கள் பன்னிரண்டாகச் சுருங்கியிருந்தன. குரல் தளர்ந்துவிட்ட அப்புச்சியைத் திண்ணையில் அமர்த்தி, சங்கர் வேட்டைக்குப் புறப்படும் பகுதியை ஒரு வார இடைவெளியில் இரண்டு முறை பாடச் சொல்லிப் பதிவு செய்திருக்கிறார். இரண்டும் நீளத்திலேயே வேறுபடுகின்றன. ஆயத்தமான அடிகள் மட்டும் இரண்டிலும் இருக்கின்றன. ஆனால் இரண்டும் எழுத்துக்கு எழுத்து ஒன்றுதான் என்று பெரியவர் அடித்துச் சொல்கிறாராம். யூகோஸ்லாவியப் பாணர்களும் அப்படித்தான் சாதித்தார்கள் என்று ஆல்பர்ட் லார்ட் எழுதியிருப்பதை நான் சொன்னபோது மாணவியின் முகம் மலர்ந்தது. புதிய இயலை நெறியாளர் ஏற்பாரா என்பது இனிமேல்தான் தெரியும். என்னிடம் வாங்கிச் சென்ற புத்தகத்தை அவர் இன்னும் திருப்பித் தரவில்லை; நானும் கேட்கவில்லை.